பதர் அடைத்த கொய்யா

திருக்காட்டுப்பள்ளி
21 பிப்ரவரி 2000

அன்புள்ள அமலிக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததையும், நம் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்ததையும் ரோஸ்லினே தொலைபேசியில் சொன்னாள். கடைவீதி பூத்துக்கு அழைப்பு வந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் எடுத்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். நீ பேச வந்தபோது நான் "சரி, சரி" என்று மட்டும் சொன்னதாக நினைவு. தவறாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கருவியைக் காதில் வைத்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. எழுத்தில் கொஞ்சம் வரும்.

ஒரு விஷயம். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கன்னியர் மடத்துத் தையல் கூடத்திலிருந்து ராஜாத்தி வந்திருந்தாள். ஜெர்மனியில் ஏதோ குழந்தைகள் பள்ளிக்காக நீங்கள் பின்னும் பொம்மைப் பழங்களில் வாழையும் நாவலும் முடிந்துவிட்டனவாம். நீ ஒப்புக்கொண்ட மாம்பழமும் கொய்யாவும்தான் பாக்கி. உன் கூடையைக் கொடுத்தால் வேறு யாராவது பின்னுவார்கள் என்றாள். எடுக்க உள்ளே போனேன். பாதி பின்னிய மாம்பழம் ஒன்று, குரோஷா ஊசி அதிலேயே செருகியபடி இருந்தது. கார் வந்துவிட்டது என்று நீ எழுந்தபோது வைத்த இடத்தில், வைத்த மாதிரியே.

கூடையோடு வெளியே வந்து, "நானே முடித்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ராஜாத்தி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்தேன்.

பொதுப்பணித்துறையில் ஆயுள் முழுக்க மதகும் வாய்க்காலும் வரைந்தவனுக்கு ஒரு பழம் வராதா என்று நினைத்தேன். வரவில்லை. ஊசியை எந்தக் கையில் பிடிப்பது என்பதிலேயே குழப்பம். முதல் சுற்றை எங்கே தொடங்குவது? வட்டமாகப் போவது எப்போது உருண்டையாகத் திரும்பும்? மாம்பழம் ஒரு பக்கம் வளைந்திருக்கிறதே, அந்த வளைவுக்கு ஏதாவது கணக்கு உண்டா? இவை அறிவில்லாத கேள்விகளாக இருக்கலாம். நேரம் கிடைத்தால் எழுது. குழந்தை வேலைக்கு நடுவே சிரமம் வேண்டாம்.

நீ ஆடிக்கு முன் வந்துவிடுவாய் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மதலைமுத்து

*

டொராண்டோ
9 மார்ச் 2000

ரோஸ்லின் அப்பாவுக்கு அமலி எழுதறது.

உங்க கடிதத்தைக் குளியலறைல போய்ப் படிச்சேன். இந்த வீட்டுல தனியா இருக்க வேற இடம் கிடையாது. சிரிச்ச சத்தம் கேட்டு ரோஸ்லின் பயந்துபோய்க் கதவைத் தட்டிட்டா.

முதல்ல, ராஜாத்தி வாயை மூட மாட்டா. இந்நேரம் பூதலூர் ஸ்டேஷன் வரைக்கும் சேதி போயிருக்கும். ஒத்துக்கிட்டீங்க, இனிமே பின்னித்தான் ஆகணும்.

ஆள்காட்டி விரல்ல நூலைச் சுத்தி ஒரு வளையம் போடுங்க. அந்த வளையத்துக்குள்ள ஆறு கண்ணி. அடுத்த சுத்துல ஒவ்வொரு கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு. பெருக்கிட்டே போனா தட்டையா விரியும், பெருக்கறதை நிறுத்தினா கிண்ணம் மாதிரிக் குழியும். வளைவுக்குக் கணக்கு கேட்டீங்களே, ஒரு பக்கம் கூட்டணும், எதிர்ப்பக்கம் கூட்டக் கூடாது. அவ்வளவுதான். வரைபடம் போடாதீங்க. கையில வெச்சு அழுத்திப் பாருங்க, கடையில பழம் வாங்கறப்ப பாக்கற மாதிரி. ஆனா உங்களை நான் பழம் வாங்கவே விட்டதில்ல. சரி, அது என் தப்பு.

நூலைப் பின்னறதுக்கு முன்னாடி வெந்நீர்ல கொதிக்க வைக்கணும். கும்பகோணத்துத் தறியில மிஞ்சின நூல் அது, கஞ்சி போட்டது. கஞ்சி போகலைன்னா சாயம் பிடிக்காது, பாச்சையும் அரிச்சிடும். காம்புக்கு மணி கோக்காதீங்க. குழந்தைங்க பிச்சு முழுங்கிடும். எல்லாமே நூலாலதான்.

பேத்தி ஜாஸ்லினுக்கு மூணு வயசு முடிஞ்சிடுச்சு. நான் பேசறது அவளுக்குப் பாதிதான் புரியுது. அவகிட்ட ஒரு கூடை நிறைய பிளாஸ்டிக் பழம் இருக்கு. வாயில வெச்சுக் கடிச்சுக் கடிச்சுப் பல் தடம். ரோஸ்லின் தினம் சோப்புப் போட்டுக் கழுவறா. ஆப்பிளும் பேரிக்காயும்தான் அதுல. கொய்யான்னா என்னன்னு அவளுக்குத் தெரியல. உங்களுக்குப் பின்ன வந்துடுச்சுன்னா அவளுக்கும் நாலு பழம் அனுப்புங்க.

இங்க பனி. சன்னலைத் திறக்க முடியாது. தெருவுல ஆள் நடமாட்டமே இல்ல. காலைல ரோஸ்லின் வீட்டுக்காரர் கிளாட்சன் ஆபீசுக்குப் போனா சாயங்காலம் வரைக்கும் கைக்குழந்தையும் நானும்தான். ரோஸ்லின் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பறதைப் பத்தி இப்பவே பேச ஆரம்பிச்சுட்டா.

காப்பிப் பொடி நீங்களா வாங்கறீங்களா? சிக்கரி வேணாம்னு சொல்லுங்க. சொல்லலைன்னா கலந்துடுவான்.

அமலி

*

திருக்காட்டுப்பள்ளி
2 ஏப்ரல் 2000

அன்புள்ள அமலிக்கு,

சிக்கரி கலந்துதான் வாங்கியிருந்தேன். கடைக்காரரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. உன் கடிதம் வந்த பிறகு சொன்னேன்.

முதல் மாம்பழத்தை முடித்துவிட்டேன். நீ வேண்டாம் என்றும் சதுரத்தாளில் வரைந்துதான் பின்னினேன், மன்னித்துக்கொள். தையல் கூடத்தில் ராஜாத்தி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது மாம்பழமா, மதகுக் கதவா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. மடத்துத் தலைவி மதரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டாலும் அவள் சொன்னது சரிதான். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, கல் போலக் கெட்டியாக இருந்தது. எந்தக் குழந்தையும் அதை எடுத்து முகர்ந்து பார்க்காது. பிரித்துவிட்டேன். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தி அழுத்திப் பின்னினேன். அதற்கு மூக்கு வந்துவிட்டது. நான் வைக்கவில்லை, தானாக வந்தது. மதர் அதை ஏற்றுக்கொண்டார்.

இப்போது காலை வெயில் ஏறும் முன் கூடத்துக்குப் போய்விடுகிறேன். பெண்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு வைத்தியலிங்கம் வயலுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு எனக்கும் ஒரு சேலை எடுத்துவிடுவதாகச் சொன்னார். நான் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் போய்விட்டார். பதில் சாயங்காலம்தான் தோன்றியது.

சாய வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. மஞ்சளில் முக்கியது வெயிலில் வெளுத்துவிடுகிறது. மாதுளைத் தோலும் படிகாரமும் சேர்த்தால் நிற்கிறது. முன்பு நாவலுக்குப் போட்டது கடுக்காயோடு துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீராம். கொய்யாவின் பச்சை இன்னும் சரியாக வரவில்லை. அவுரி நீலம் ஏறினால் காய், மாதுளை மஞ்சள் ஏறினால் பழம். நீ விரும்பித் தின்பது இரண்டுக்கும் நடுவே உள்ள நிலை. அதைப் பிடிக்கத்தான் முயல்கிறேன்.

எல்லாமே மண்ணில் போட்டால் மண்ணாகிவிடுவதாக இருக்க வேண்டும் என்று ஜெர்மனிக்காரர்கள் எழுதியிருக்கிறார்களாம். அதனால் உள்ளே அடைப்பதும் இலவம் பஞ்சுதான். அது மூக்கில் ஏறி எனக்கு ஓயாத தும்மல்.

நீ திரும்பும் தேதியைப் பற்றி நான் கேட்கவில்லை. அது உன் வசதி. ஆனால் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்று ஒரு எண்ணம். தேதி தெரிந்தால் அதற்கு ஏற்பச் செய்யலாம்.

மதலைமுத்து

*

டொராண்டோ
20 ஏப்ரல் 2000
பெரிய வியாழன்

ரோஸ்லின் அப்பாவுக்கு,

இன்னைக்கு இங்க கோயிலுக்குப் போனோம். பாதம் கழுவற சடங்கு பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. வெளில வந்தா கார் நிறுத்தற இடம்தான். நின்னு பேச ஒருத்தரும் இல்ல.

ஜாஸ்லினுக்கு இருமல். ராத்திரில இழுக்குது. தூசி, பஞ்சு எதுவும் கிட்ட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தலையணையையே மாத்திட்டாங்க. அவளுக்கு அனுப்பற பழத்துல இலவம் பஞ்சு வேணாம். வேற எதையாவது அடைச்சு அனுப்ப முடியுமா பாருங்க. அனுப்பாமலே இருந்துடாதீங்க. தினம் அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

இப்ப முக்கியமான விஷயம். ரோஸ்லின் ஜூன்ல வேலைக்குத் திரும்பறா. கைக்குழந்தையை விடக் காப்பகத்துல இடம் கிடைக்கல. எல்லா இடத்துலயும் வரிசையில பேர் எழுதி வெச்சிருக்காங்க. என் விசாவை இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கலாம்னு கிளாட்சன் விசாரிச்சுட்டு வந்தார். ரெண்டு பேரும் என் எதிர்ல உக்காந்து கேட்டாங்க. கேட்ட விதத்துல ஒண்ணும் குறையில்ல. ரோஸ்லின் என் கையைப் புடிச்சுக்கிட்டா.

நான் சொன்னேன், உங்க அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்னு.

அதனால சொல்லுங்க. வான்னா வரேன். இருன்னா இருக்கேன். யோசிச்சு எழுதுங்க, ஆனா ரொம்ப யோசிக்காதீங்க.

அமலி

*

திருக்காட்டுப்பள்ளி
8 மே 2000

அன்புள்ள அமலிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து இதைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

ரோஸ்லின் வேலைக்குப் போக வேண்டியவள். குழந்தை சின்னது. இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன். சோறும் ரசமும் வைக்க வந்துவிட்டது. துணிக்கு ஆள் வருகிறாள். மருந்து மாத்திரை ஒழுங்காகப் போகிறது. என்னை முன்னிட்டு அங்கே அவர்களுக்குச் சிரமம் வரக்கூடாது. அதே சமயம் உன்னை அங்கே இரு என்று சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பனியும் தனிமையும் அனுபவிப்பவள் நீ. எனவே எப்படிப் பார்த்தாலும் இது உன் இஷ்டம். நீ எதைத் தீர்மானித்தாலும் எனக்குச் சம்மதம்.

வெள்ளையடிப்பதைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். அதில் அவசரம் இல்லை.

ஜாஸ்லினுக்காக ஒரு மாம்பழம், ஒரு கொய்யா, ஒரு சீத்தாப்பழம், ஒரு எலுமிச்சை பின்னி முடித்துக் கப்பல் தபாலில் அனுப்பிவிட்டேன். இருமலைப் பற்றி எழுதியிருந்தாயே, உள்ளே எதை அடைப்பது என்று நிறைய யோசித்தேன். தேங்காய் நார் குத்தும். துணிக்கிழிசல் ஈரம் பிடித்தால் நாறும். கடைசியில் வைத்தியலிங்கத்தின் களத்தில் தாளடி நெல் தூற்றியபோது ஒதுங்கிய பதர் நினைவுக்கு வந்தது. வெறும் மேல்தோல்தானே, எடை இல்லை, குலுக்கினால் இனிய சத்தம், மண்ணில் போட்டால் மண். ஒரு கோணி வாங்கி வந்து அலசி, வெயிலில் காயவைத்து, தூசி போக மேசை விசிறிக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். தூரம் அளந்து கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு அப்பால் பறந்து விழுந்ததை மட்டுமே எடுத்தேன். முறையாகச் செய்ததாகவே நம்புகிறேன். ஏதும் தவறு இருந்தால் எழுது.

கொய்யாவின் நிறம் இந்த முறை ஓரளவு அமைந்தது.

மதலைமுத்து

*

டொராண்டோ
25 மே 2000

ரோஸ்லின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. இஷ்டம்னு எழுதிட்டீங்க.

சரி. இருக்கேன். நீட்டிக்க எழுதிக் கொடுத்தாச்சு.

அமலி

*

திருக்காட்டுப்பள்ளி
30 ஜூன் 2000

அன்புள்ள அமலிக்கு,

உன்னிடமிருந்து அந்தச் சின்னக் கடிதத்துக்குப் பின் ஒன்றும் இல்லை. தபால் தாமதமாக இருக்கலாம். ரோஸ்லின் பூத்துக்குக் கூப்பிட்டபோது, நீ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அடுத்த முறையும் அப்படியே சொன்னாள். குழந்தையை அடிக்கடி குளிப்பாட்டுவது அந்தக் குளிருக்கு நல்லதா என்று கேட்கவில்லை.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தின் மேல் கூட்டம். நானும் போய் நின்றேன். முதல் தண்ணீர் செத்தையும் நுரையுமாகப் போகும்போது நீ முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆனாலும் நகராமல் நிற்பாய். வைத்தியலிங்கம் நாற்றங்காலுக்கு விதை ஊறப் போட்டுவிட்டார்.

ஜெர்மனிக்கு உரிய பெட்டி போய்விட்டது. என் கொய்யாக்களும் அதில் இருக்கின்றன. மதர் அடுத்த தடவைக்கும் என்னைப் பின்னச் சொல்லியிருக்கிறார். ராஜாத்தி இப்போது கேலி செய்வதில்லை. அவளே நூல் சிக்கலை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறாள். சிக்கல் எடுப்பதில் எனக்குப் பொறுமை உண்டு என்று கூடத்தில் பேச்சு.

இன்னொன்று. இதை எழுதுவது சரியா என்று தெரியவில்லை. ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் பெண்கள் பக்கம் மூன்றாவது தூண் தெரியும். நீ அங்கேதான் உட்காருவாய். பூசை முடிந்த பிறகு நீ எழுந்தால்தான் நான் எழுவேன். இது நான் வேண்டுமென்று வைத்த வழக்கம் அல்ல, எப்படியோ அமைந்தது. இப்போது எப்போது எழுவது என்று தெரிவதில்லை. போன வாரம் கோயிற்பிள்ளை வந்து கதவைச் சாத்த வேண்டும் என்றார். பிறகு வெளியே வந்து வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பெண்கள் வாசல் வழியாகக் கடைசி ஆளும் வந்த பிறகுதான், யாருக்காக நிற்கிறோம் என்று உறைக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பொட்டலம் வந்ததா என்று ஒரு வரி எழுது.

மதலைமுத்து

*

டொராண்டோ
24 ஜூலை 2000

ரோஸ்லின் அப்பாவுக்கு,

எழுத வேணாம்னுதான் இருந்தேன். உங்க பழம் எழுத வெச்சிடுச்சு.

பொட்டலம் இந்த மாசம் முதல் வாரத்துல வந்துது. ஜாஸ்லின் ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்தா. மாம்பழத்தைக் கைக்குழந்தைக்குக் கொடுத்துட்டா. சீத்தாப்பழம் அவளுக்குப் புரியல. கொய்யாவைத்தான் புடிச்சுக்கிட்டா. காதுகிட்ட வெச்சுக் குலுக்கிட்டு அது பேசுதுங்கறா. சோத்துக்கும் அது வரணும், தூக்கத்துக்கும் அது வரணும். இருமலும் வரல. நிறம் சரியா இருக்கு, உங்ககிட்ட சொல்லணும். நான் தின்பேனே அதே நிறம்தான்.

அதைத் தன்னோட தொட்டியில போட்டுக் குளிப்பாட்டியிருக்கா. தம்பியைக் குளிப்பாட்டறதைப் பாத்துப் பாத்து அவளும் செஞ்சிருக்கா. ஈரத்தோட துண்டுல சுத்திப் பொம்மை வண்டியில படுக்க வெச்சு, வெயில் படற சன்னல்கிட்ட தள்ளிட்டு மறந்துட்டா. அந்த வாரம் முழுக்கக் கொய்யா எங்கன்னு வீடே தேடுச்சு. தினம் அழுகை. போன புதன்கிழமை நான்தான் அந்தத் துண்டை எடுத்தேன்.

கொய்யா மேல பச்சையா ஊசி ஊசியா நிக்குது. நூல் பிரிஞ்சிருக்குன்னு நினைச்சு இழுத்தேன். வரல. உள்ள வேர் விட்டிருக்கு. கிள்ளி மோந்து பாத்தேன். நாத்து வாசனை.

பதர்னா உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாது, ரோஸ்லின் அப்பா. விசிறிக் காத்துல லேசான நெல்லும் பறந்துதான் போகும். கோடு கிழிச்சாராம் கோடு! முறத்துல போட்டுப் புடைச்சிருக்கணும். இல்ல ஒரு கொதி அவிச்சிருக்கணும், முளைக்காது. நம்ம வீட்டுல மாசாமாசம் நெல் அவிக்கறேன், அடுப்புப் பக்கத்துல உக்காந்துதானே பேப்பர் படிப்பீங்க. ஒரு நாளாவது தலையைத் தூக்கிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

கிளாட்சன் மெட்ராஸ்ல பொறந்து வளந்தவர். இது என்ன புல்லுன்னு கேட்டார். வெளிநாட்டு விதையெல்லாம் வீட்டுல முளைச்சா சட்டச் சிக்கல் வரும், குப்பையில போட்டுடலாம்னு சொன்னார். ஜாஸ்லின் அலறிட்டா. ரோஸ்லின் கிட்ட வந்து பாத்தா, ஒரு விரலால தடவினா, அப்புறம் ரூமுக்குள்ள போயிட்டா. நான் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுல மண் போட்டுக் கொய்யாவை அப்படியே பாதி புதைச்சு வெச்சிருக்கேன். இப்ப ஒரு விரல் நீளம் வளந்திருக்கு.

காலைல எல்லாரும் போனப்புறம் அது பக்கத்துல உக்காந்துக்கறேன். வேற எதுவும் செய்யறதில்ல.

ரோஸ்லின் அடுத்த வருஷமும் இருக்கச் சொல்றா. இங்கயே இருக்கறதுக்கும் பேப்பர் போடலாமாம். பாக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

இந்தப் பயிரை நான் என்ன செய்யறது? சொல்லுங்க. இஷ்டம்னு மட்டும் எழுதிடாதீங்க.

அமலி

*

திருக்காட்டுப்பள்ளி
11 ஆகஸ்ட் 2000

அன்புள்ள அமலிக்கு,

நெல் முளைத்த விஷயத்தைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நல்ல வேளை, ஜெர்மனிக்குப் போனவை எல்லாம் இலவம் பஞ்சு அடைத்தவை. கிளாட்சனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

வைத்தியலிங்கத்திடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. டீக்கடையில் எல்லோர் முன்பும், கனடாவில் நாற்று விட்ட முதல் மிராசுதாரர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்.

பயிரைப் பற்றி. டப்பாவில் தண்ணீர் கட்டி நிற்க வேண்டாம், மண் சேறாக இருந்தால் போதும். வெயில் படும் பக்கமே வை. வாரம் ஒருமுறை டப்பாவைத் திருப்பு. இவ்வளவு செய்தாலும் அங்கே கதிர் வராது என்று நினைக்கிறேன். குளிர் வந்ததும் மஞ்சளாகிவிடும். அது உன் தவறு அல்ல, பயிரின் தவறும் அல்ல.

இவ்வளவையும் எழுதி, மடித்து, உறையில் போட்டுவிட்டேன். பிறகு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். நீ கேட்டது பயிரைப் பற்றி அல்ல என்று அப்போதுதான் பட்டது. உறையைப் பிரித்து மேற்கொண்டு எழுதுகிறேன்.

உன் இஷ்டம் என்று எழுதினேன். அது உனக்குக் கொடுக்கும் மரியாதை என்று எண்ணித்தான் எழுதினேன். பாதி அப்படித்தான். மறு பாதி பயம். நான் கேட்டு, நீ வர முடியாது என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பது என்று தெரியவில்லை. கேட்காமல் இருந்தால் அந்தப் பதில் வராது அல்லவா. அதனால் கேட்கவில்லை.

அமலி, வா.

சமையலுக்காக இல்லை. சமையல் எனக்கு வந்துவிட்டது. உடம்புக்கும் ஒன்றும் இல்லை. காரணம் எழுதலாம் என்று பார்த்தேன். எழுதிய காரணம் ஒவ்வொன்றும் நீ இல்லாமலே சமாளிக்கக் கூடியதாக இருந்தது. ஆகவே காரணம் இல்லாமல் கேட்கிறேன். எனக்கு நீ இங்கே வேண்டும்.

ரோஸ்லினுக்கும் தனியாக ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். உன் அம்மாவை அனுப்பி வை என்று எழுதியிருக்கிறேன். மகளிடம் இப்படிக் கேட்க ரொம்பவும் கூச்சமாக இருந்தது. அவள் கோபித்துக்கொண்டால் என்னைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும், உன்னை அல்ல என்றும் எழுதியிருக்கிறேன்.

இதை மறுபடி படித்தால் கிழித்துவிடுவேன். படிக்காமல் ஒட்டுகிறேன்.

மதலைமுத்து

*

டொராண்டோ
30 ஆகஸ்ட் 2000

ரோஸ்லின் அப்பாவுக்கு,

குளியலறைக்குப் போகல. சமையல்கட்டுலயே நின்னு படிச்சேன். ரோஸ்லின் அவளுக்கு வந்ததைப் படிச்சா. மடிச்சு வெச்சுட்டு, "அப்பா இப்படி எல்லாம் எழுதுவாராம்மா?"ன்னு கேட்டா. எனக்கும் இப்பதான் தெரியும்னு சொன்னேன்.

இப்ப நான் சொல்றதைப் பொறுமையா படிங்க. உடனே வர முடியாது. மே மாசத்துல கேட்டிருந்தீங்கன்னா வந்திருப்பேன். அதுக்கப்புறம் ரோஸ்லின் என்னை நம்பி ஆஸ்பத்திரில பகல் வேலைக்கு மாத்தி வாங்கிட்டா. கைக்குழந்தைக்கு ஜனவரிலதான் இடம். கிளாட்சன் போங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்னுதான் சொன்னார். சொல்றப்ப அவர் முகத்தைப் பாத்தேன். ரோஸ்லின் முகத்தையும் பாத்தேன். பச்சைக் குழந்தையை விட்டுட்டு இப்படிப் பாதியில வர எனக்கு மனசு வரல. என்னைத் திட்டுங்க.

ஆனா ஜனவரிக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். தை பொறந்ததும் டிக்கெட் போடச் சொல்லிட்டேன். அடுத்த வருஷம், பேப்பர், எதுவும் வேணாம்னுட்டேன். ஏன்மான்னு கேட்டா. அவர் கூப்பிடறார்னு சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. பக்கத்து ஊருக்குப் போனாக்கூட நீங்க கூப்பிட்டு நான் வந்ததில்ல, நானாத்தான் பை தூக்கிட்டு வந்து நிப்பேன். சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு. இன்னொரு தடவை சொன்னேன்.

ஒண்ணு கேக்கறேன், செய்யணும். இனிமே எழுதற கடிதம் எல்லாத்துலயும் அதை எழுதுங்க. படிச்சுட்டு நான் வர மாட்டேன், தை வரைக்கும். தெரிஞ்சுதான் கேக்கறேன். நீங்க எழுதுங்க.

அமலி

*

திருக்காட்டுப்பள்ளி
18 செப்டம்பர் 2000

அன்புள்ள அமலிக்கு,

வா.

இதை முதலில் எழுதிவிட்டால் மற்றவை எளிதாக வரும் என்று நினைத்தேன். உண்மையில் அதன் பிறகு வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

உன்னைத் திட்டவில்லை. நீ அங்கே இருப்பதுதான் நியாயம். தை என்று ஒரு பெயர் கிடைத்திருப்பதே எனக்குப் போதும். வெள்ளையடிப்பவரிடம் மார்கழிக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறேன்.

குறுவையில் கதிர் வந்துவிட்டது. வைத்தியலிங்கம் இப்போதே அறுப்புக்கு ஆள் தேடி அலைகிறார். மழை முந்திக்கொள்ளும் என்று பயப்படுகிறார். தையல் கூடத்தில் இப்போது சீத்தாப்பழம் பின்னுகிறோம். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் புடைக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. ராஜாத்தி ஒரு வழி சொல்கிறாள். ஒரே கண்ணியில் நாலைந்து போட்டு மொத்தமாக இறுக்கிவிடுவது. எனக்கு அது முரடாகத் தெரிகிறது. உன் கருத்தை எழுது. ஜாஸ்லினுக்குப் புதுக் கொய்யா ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். பதரை ராஜாத்தி புடைத்துத் தந்தாள், நான் இரண்டு முறை அவித்தேன்.

இந்த ஏர்லெட்டரை ஒட்டாமலே தபாலாபீஸ் வரை போனேன். பெட்டியில் போடும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தேன். ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், அதுவும் மேலே. படித்துக்கொண்டு கீழே வருவதற்குள் உனக்கு அது மறந்துபோனால் என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. தபாலாபீஸில் கயிறு கட்டி வைத்திருக்கும் பேனாவை எடுத்து எழுதுகிறேன். மை சரியாக இறங்கவில்லை, அழுத்தி எழுதுகிறேன். பின்னால் ஆள் நிற்கிறார், நிற்கட்டும்.

வா.

மதலைமுத்து